வீரணனைத் தேடிப் போன கேமரா

கம்பம் பள்ளத்தாக்கில் உண்மை என்று ஏதாவது மிச்சமிருந்தால், அது விஜய்பாண்டியின் கேமராவுக்குள்தான் இருந்தது. சொன்னவன் விஜய்பாண்டியே என்பதால் நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

“கல்யாண வீடியோக்காரனும் நானும் ஒண்ணாடா? அவன் மாமனைத் திரும்பத் திரும்ப நடக்க விடுவான், லென்ஸுக்கு முன்னால பூவைப் பிடிப்பான். நான் வாழ்க்கையை எடுக்கிறவன்” என்பான். வாழ்க்கையை எடுக்கும் அந்தக் கேமரா, தேனியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் நாள் வாடகைக்கு வாங்கியது.

2007. எம்.ஏ. இதழியல் கடைசி ஆண்டுக்கு எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். விஜய்பாண்டி எடுத்துக்கொண்ட பொருள், வீரணன். ஐந்து வருடம் முன்பு கிணற்று மோட்டாரில் செம்புக் கம்பி திருடி மாட்டிக்கொண்டவன். வழிதவறிய இளைஞனுக்குத் துணையாயிரு என்று கல்லூரியில் ஒரு திட்டம் போட்டபோது விஜய்பாண்டிக்கு ஒதுக்கப்பட்டவன். ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் போய் அவனிடம் நேர்மையைப் பற்றிப் பேசினான். தப்பிக்க வழியில்லாமல் வீரணன் திருந்தினான்.

படத்துக்குப் பெயர் ‘திருடன் திரும்பிப் பார்க்கிறான்’. அதைக் கிளாப் போர்டில் பெரிதாக எழுதி என் கையில் கொடுத்திருந்தான். முன்கூட்டிச் சொன்னால் இயல்பு கெட்டுவிடுமாம். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வடுகபட்டியில் போய் இறங்கினோம்.

வாசலில் ஒரு வேன் நின்றது. பூண்டு மண்டியில் கணக்குப் பார்க்கும் மாப்பிள்ளை வீரணனின் வீட்டைப் பார்க்க, சின்னமனூரிலிருந்து பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கேமராவைக் கண்டதும் பெண்ணின் தாய்மாமன் ஒச்சாண்டி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

“வீடு பாக்க வந்ததுக்கே வீடியோவா! ஏலே மாப்ளே, பெரிய கைதான்லே நீ!”

வீரணன் எங்களை மாட்டுக் கொட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

“என்னத்தண்ணே எடுக்க வந்தீக?”

“உன் உண்மைக் கதையைடா.”

“கட்டிக்கப்போற புள்ள பூமாரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சரின்னுட்டா. மாமாவுக்குத் தெரிஞ்சா இப்பவே வேனைத் திருப்பிருவாக.”

“என்னையப் பொய் சொல்லச் சொல்றியா? உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?”

“நீங்க சொல்லித்தான் நல்லவனானேன். இன்னைக்கு ஒருநா எனக்காக நீங்க கொஞ்சம் கெட்டுப் போங்கண்ணே.”

வெளியே வந்தோம். ஒச்சாண்டியின் கண் என் கையில் இருந்தது.

“தம்பி, அந்தப் பலகையில என்னமோ எழுதியிருக்கே?”

நான் அதைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் விஜய்பாண்டியிடம் திரும்பினார். “என்ன படம் தம்பி எடுக்கிறீக?”

வீரணனின் அம்மா மாயக்காள் காபித் தட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டாள்.

விஜய்பாண்டி கேமராவைத் தோளில் ஏற்றினான். “மாமா,” என்றான். அவன் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. “நீங்க வேன்லருந்து இறங்கினதை விட்டுட்டேன். இன்னொரு தடவை அங்கனருந்து சிரிச்சுக்கிட்டே நடந்து வாங்க.”

ஒச்சாண்டி நடந்தார். வேட்டி தடுக்கியது. மறுபடி நடந்தார். மூன்றாவது நடையில்தான் வீரணனுக்கு மூச்சு வந்தது. விஜய்பாண்டி என் பக்கம் திரும்பாமலே, வேலியோரச் செம்பருத்தியில் ஒன்றைக் கிள்ளி லென்ஸுக்கு முன்னால் பிடித்தான்.