தனவேல் நின்ற சுவர்

மேலக்குறிச்சியில் சுரங்கத்துக்குக் குழி இறக்க மண்ணை உறையவைத்தபோது, அஞ்சலாட்சியின் புருஷன் தனவேலும் சேர்ந்து உறைந்துபோனார்.

ஊருக்கு அடியில் தண்ணீர் ஊறிய மணல். அப்படியே தோண்டினால் மணலும் தண்ணீரும் குழிக்குள் பாய்ந்துவிடும். அதனால் சுற்றிலும் குழாய்களை இறக்கி, கடுங்குளிரான உப்புத்தண்ணீரை ஓடவிட்டு, மண்ணையே பனிச்சுவராக இறுக்கினார்கள். அந்தச் சுவர் அஞ்சலாட்சி வீட்டுக் கேட்டுக்கு நேர் கீழே போனது. குளிர் மேலே ஏறிய காலையில்தான் தனவேல் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார். ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் தெருவில். அப்படியே நின்றுவிட்டார்.

கிளம்பியதற்குக் காரணம் அஞ்சலாட்சி சொன்ன சொல். இருந்த வேலையும் போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை, அவர் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஒரு சுவரு இருந்தா சாஞ்சாவது உக்காரலாம். உன்னால அதுகூட இல்ல" என்று சொல்லிவிட்டாள். தம்பி சோற்றில் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டான். தனவேல் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் இன்ஜினியர் ஹமீது வந்து, தனவேலின் முழங்காலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்.

"நல்லா கெட்டிப்பட்டிருக்காரும்மா. இந்த இடத்துலதான் சுவரு பலவீனமா இருந்தது. இவர் நின்னதும் சரியாயிடுச்சு."

"எப்ப சார் விடுவீங்க?"

"குழிக்கு உள்சுவர் கட்டி முடியணும். அதுக்கு முன்னாடி இவரை நகத்தினா ஓட்டை விழுந்துடும். கீழ ஆளுங்க வேலை செய்யறாங்க."

எதிர்வீட்டுச் செந்தாமரையின் புருஷனும் கீழேதான் இருந்தான். அஞ்சலாட்சி தலையாட்டினாள்.

சாயங்காலம் அவள் தனவேலின் முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஹமீது ஓடிவந்தார்.

"கீழ தண்ணி சொட்டுது. என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். நான் சொன்னது தப்புன்னு சொல்ல வந்தேன்."

"எதுவரைக்கும் சொன்னீங்க?"

"'நான் சொன்னது' வரைக்கும்."

"அதோட நிறுத்திக்குங்க. அந்தப் பேச்சு சூடும்மா, சுவரு தாங்காது. வேலை முடியட்டும், முழுசா சொல்லலாம்."

அன்றிலிருந்து குளிர்ந்த பேச்சு மட்டும் பேசினாள். மழை வரும்போல இருக்கிறது என்பாள். அரிசி தீர்ந்துவிட்டது என்பாள். அவர் புருவத்தில் படிந்த பனியைத் தட்டிவிட்டு, கைச்சூடு பட்டுவிடாமல் சட்டென்று இழுத்துக்கொள்வாள். முன்பெல்லாம் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவர் வெயில் பக்கமாக நின்றுகொள்வார். இத்தனை வருஷமும் அவர் நிழலில்தான் நின்றிருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைச் சொல்ல வாய் வரும். தண்ணீர் குடித்து விழுங்கிக்கொள்வாள்.

குழி முடிந்தது. செந்தாமரையின் புருஷன் முழுசாக மேலே வந்தான். குளிர்யந்திரத்தை நிறுத்தினார்கள்.

"இனி சொல்லலாம்மா," என்றார் ஹமீது.

அஞ்சலாட்சி தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து சொன்னாள். ஆனால் மண் கீழிருந்து இளகியதால் தனவேலுக்கு முதலில் கால்கள்தான் இளகின. காது இன்னும் பனிக்கட்டியாகவே இருந்தது. உள்ளே இருந்த கால் கேட்டைத் தாண்டிப் போனது. அவள் கூடவே நடந்தாள்.

"நான் சொன்னது தப்புய்யா. கேக்குதா? தம்பி எதிர்ல சொல்லியிருக்கக் கூடாது. நில்லுய்யா."

அவர் நேராகப் பார்த்தபடி நடந்தார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் தெருமுனையில் திரும்பும்போதுதான் அவர் இரண்டு காதுகளையும் தேய்த்து, தண்ணீரை உதறிவிட்டுக்கொண்டது தெரிந்தது.

அஞ்சலாட்சி திரும்பி வந்து, மிச்சத்தை அவர் நின்ற ஈரமண்ணிடம் சொன்னாள். இருட்டும்வரை சொன்னாள்.

மறுநாள் காலை தெருக்குழாய்களில் வெந்நீர் வந்தது. ஜனங்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். செந்தாமரை கைக்குழந்தையோடும் வாளியோடும் கேட்டுக்கு வந்தாள்.

"அக்கா, எங்க குழாயில வெதுவெதுன்னுதான் வருது. புள்ளைக்குத் தண்ணி ஊத்தணும். இன்னொரு தடவ சொல்றியா?"

அஞ்சலாட்சி குனிந்து, மண்ணில் கை வைத்துச் சொன்னாள்.

"போதுமா பாரு."

செந்தாமரை ஓடிப்போய்க் குழாயில் கையை நனைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்க்கா."