பாதி மீசையும் ஒரு ஜாடி வினிகரும்

சலூன்காரருக்குக் குடல் அழற்சி வந்ததில் முதலில் அடிபட்டது தலைமையாசிரியரின் மீசைதான். வலது பக்கம் ஒதுக்கி முடித்து இடது பக்கம் போகும்போது சலூன்காரருக்கு வயிற்றை முறுக்கியது. கத்திரியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. பாதி மீசையோடு தலைமையாசிரியர் தெருவில் நடந்து போன காட்சியைத் தவறவிட்டவர்கள் கொடுத்து வைக்காதவர்கள். அதற்குப் பிறகு சவரம் செய்துகொள்ள ஆட்கள் யோசித்தார்கள். கடையை மூடிவிட வேண்டியதுதானோ என்று அவர் மனம் ஒடிந்து போனார்.

டாக்டர் காலையும் மாலையும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் இரண்டு நாள் வயிறு ஒழுங்காக இருந்தால் போதும், மூன்றாம் நாள் மாத்திரைக்கு லீவு விட்டுவிடுவார்.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி ஒருநாள் ஆப்பிள் தோலைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி அலமாரியில் வைத்தாள். அது நுரைத்துப் புளித்ததும் வடிகட்டி வைத்தாள்; ஆடை படிந்து, இரண்டு மாதத்தில் மூக்கைத் துளைக்கும் வினிகர் ஆனது.

"சாப்பாட்டோட ஒரு ஸ்பூன், நிறைய தண்ணியில கலந்து குடிங்க. டாக்டர் தப்பில்லன்னுட்டார். ஆனா மாத்திரையோட சேர்ந்து போனாத்தான் இது வேலை செய்யும். ஒரு வேளை விட்டாலும் குடிச்சதெல்லாம் வீண்."

வீண் என்ற வார்த்தைதான் அவரைப் பிடித்தது. தேய்ந்த சோப்புத் துண்டுகளைக்கூட ஒட்டவைத்து உபயோகிக்கிற மனிதர் அவர். ஒரு வேளைகூட விடவில்லை. மூன்று மாதத்தில் வயிறு அடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் முடிவெட்டோடு வினிகர் புராணமும் கிடைத்தது.

மறுபரிசோதனையில் டாக்டர் கேட்டார். "மாத்திரையை விடலையே?"

"எப்படி விடுவேன் டாக்டர்? அது இல்லாம வினிகர் வேலை செய்யாதே!"

"யார் சொன்னா?"

கூட வந்திருந்த மனைவி சுவரில் இருந்த காலண்டரை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். "வினிகரை எலிகளுக்குக் கொடுத்ததுல குடல் வீக்கம் குறைஞ்சிருக்கு. மனுஷங்களுக்கு இன்னும் உறுதியா சொல்ல முடியாது. ஒத்துக்கிட்டா குடிங்க. உங்களைக் காப்பாத்தினது மாத்திரைதான்."

வீடு வரும்வரை அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இரண்டையும் விட்டுவிடுவாரோ என்று மனைவிக்குப் பக்கென்றிருந்தது. கேட்கவும் பயம்.

அடுத்த வாரம் தலைமையாசிரியரே கடைக்கு வந்தார். "முழுசா முடிச்சிட்டுத்தானே எழுந்து போவே?" என்று உறுதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சலூன்காரர் அவசரப்படாமல் இரண்டு பக்கத்தையும் ஒதுக்கினார். கண்ணாடியில் முழு மீசையைப் பார்த்ததும் சலூன்காரருக்கே கண் கலங்கியது.

அன்று மாலை மனைவி அலமாரியைத் திறந்தாள். ஜாடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இது எப்ப தீர்ந்துச்சு?"

"டாக்டரைப் பாத்துட்டு வந்த மறுநாள்."

அவள் ஓடிப்போய் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். இன்று காலை மாத்திரை வரைக்கும் ஒன்றுகூட விடுபடவில்லை. நிம்மதியில் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த ஜாடியைப் போடு. ஹெட்மாஸ்டரும் சக்கரைக்கு வினிகர் கேட்டிருக்கார்," என்றார் சலூன்காரர். "ஆனா அதுக்கு முன்னாடி, அவர் எந்த மாத்திரையை முழுங்காம ஏமாத்துறார்னு அவர் சம்சாரத்துகிட்ட கேட்டுட்டு வா."