மாடி அறைக் கேமரா

ஃபயர்வால் பெட்டியைப் பார்த்ததும் செங்குட்டுவன் சாருக்கு முகம் விழுந்துவிட்டது. பெரிதாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. "இவ்ளோதானா? டிபன் பாக்ஸாட்டம் இருக்குது," என்றார். நான் சிரித்துக்கொண்டே அதை ரேக்கில் வைத்துத் திருகினேன். வடக்குத்து மெயின் ரோட்டில் கீழே அவருடைய ஆபீஸ், மேலே வீடு. சுரங்கத்துக்குக் கான்ட்ராக்டில் ஆள் அனுப்புகிற தொழில். போன மாதம் யாரோ ஒரு மெயிலைத் திறக்கப்போய், கம்ப்யூட்டர்களில் இருந்தவையெல்லாம் பூட்டிக்கொண்டன. ஆட்களுக்குச் சம்பளம் போட வழியில்லாமல் மனிதர் அல்லாடிப் போனார். அதன் பிறகுதான், வெளியாள் நுழையாமல் தடுக்கிற இந்தப் பெட்டிகளை மாட்டும் எங்கள் கம்பெனிக்கு போன் வந்தது.

நான் சுரங்க டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். படிக்கவைத்த பெண் ஏணியில் ஏறி ஒயர் இழுக்கிறாளே என்று அவருக்கு இன்னும் மனத்தாங்கல்தான். எனக்கோ இந்த வேலையில் மிகவும் பிடித்தது, பெட்டியை மாட்டியவுடன் எதையும் தடுக்காமல் வேடிக்கை பார்க்கிற நேரம். எந்தக் கம்ப்யூட்டர் எங்கே போகிறது, வெளியிலிருந்து யார் உள்ளே வருகிறார்கள் என்று எல்லாம் திரையில் ஓடும். ஆபீஸின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும். கணக்கு பார்க்கிற சிவப்பிரகாசம் காலையிலிருந்து கிரிக்கெட் ஸ்கோரிலேயே குடியிருந்தார். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், எதற்கு வழிவிடுவது, எதை அடைப்பது என்று முடிவு செய்வோம்.

அன்று ஒரு வரி மட்டும் உறுத்தியது. வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து யாரோ உள்ளே வந்து, போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் கம்ப்யூட்டரில் இல்லை, ஒரு கேமராவில்.

"சார், மாடியில கேமரா இருக்கா?"

"இருக்குதே. எம் பொண்டாட்டி ரூம்ல." கொஞ்சம் தயங்கினார். "அவளால நடக்க முடியாதும்மா. பைக்குலேர்ந்து வுழுந்து முதுகுல அடி. நாந்தான் ஓட்டிகினு போனேன். சைட்டுக்குப் போற எடத்துலேர்ந்து பாத்துக்கலாம்னு அத வச்சேன்."

"இப்ப உங்க போன்ல ஓடிட்டு இருக்கா?"

"பொங்கலுக்கு போன மாத்துனேன். அதுக்கப்புறம் அத போடவே இல்ல. கீழதான இருக்கேன், கூப்புட்டா போறேன்."

அது ஆவணி மாதம். பாஸ்வேர்டை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். என்ன பாஸ்வேர்டு என்று திருப்பிக் கேட்டார். கடையில் வாங்கி வந்தபோது இருந்ததை மாற்றவே இல்லை. அப்படிப்பட்ட கேமராவை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஆனாலும் கேமரா தயாரித்த கம்பெனியின் தொடர்பாகவும் இருக்கலாமே என்று, எதற்கும் ஒருமுறை நேரில் பார்த்துவிட மாடிக்குப் போனேன்.

மணிமொழி அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்கையில் கிடப்பவர் என்று சொன்னால் நம்ப முடியாது. வாரிப் பின்னிய தலை, காதோரம் கனகாம்பரம், கஞ்சி போட்ட சுங்குடிப் புடவை. கேமரா எதிர்ச் சுவரில், அலமாரிக்கு மேலே இருந்தது. நான் அதை நோக்கி நடந்தபோது, சன்னமாக ஒரு சத்தத்தோடு அது என் பக்கம் திரும்பியது.

அக்கா சிரித்தார். "அவருதான். யாரு வந்திருக்கிறதுன்னு பாக்குறாரு."

செங்குட்டுவன் சாரின் போன் கீழே என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படியேறினேன்.

"அடிக்கடி இப்படித் திரும்புமாக்கா?" என்றேன்.

"முன்னெல்லாம் இல்ல பாப்பா. அடிபட்டதுலேர்ந்து எம் மொகத்த பாக்கவே மாட்டாரு. தன்னாலதான்னு ஒரு இது அவருக்கு. வருவாரு, சாப்டியான்னு கேப்பாரு, கீழ பாத்துகினே போயிடுவாரு. இந்த சித்திரையிலேர்ந்துதான் இதுல பாக்க ஆரம்பிச்சாரு. நா சாஞ்சா சாயுற பக்கம் திரும்பும். நேர்ல முடியாதத இதுலயாவது பாக்குறாரேன்னு நானும் நாலு வார்த்த பேசுவேன். வேலைக்கு வர்ற தனம் ஒடம்பு தொடைக்கும்போது, அதும்மேல துணிய போடட்டாக்கான்னு கேக்கும். நம்ம வூட்டுக்காரருதான, இருக்கட்டும் வுடுன்னுட்டேன்."

வெட்கத்தில் அவர் முகம் சிவந்தது. நான் நகர்ந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி கட்டிலை மறைத்து நின்றேன். ஒயரைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஏன் பிடுங்குகிறாய் என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது? தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று ஏதோ உளறிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

முதல் வேலையாக வெளியிலிருந்து வரும் வழியை அடைத்துப் பாஸ்வேர்டை மாற்றினேன். திரையில் அந்த வரி மறைந்தது. பிறகு செங்குட்டுவன் சாரைத் தனியாக அழைத்து, மேலே கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். தனம் துணி போடக் கேட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"எத்தினி பேரு பாத்தானுங்க?"

"தெரியல சார். இன்னைக்கு ஒருத்தர். இதுக்கு முன்னாடி யார் யாருன்னு கண்டுபிடிக்க வழியில்ல."

"அவகிட்ட சொல்ல வேணாம்மா."

"சொல்லித்தான் சார் ஆகணும். அவங்க உடம்பு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "சொல்றேன். அதுக்கு முன்ன ஒரு தடவ அவள நா பாக்கணும். இதுல போட்டுக் குடு."

ஏமாற்றுக்குத் துணை போகிறோமோ என்று கை தயங்கியது. ஆனாலும் போட்டுக் கொடுத்தேன். ஆபீஸுக்குள் இருந்தே பார்க்க வழி இருந்தது. மணிமொழி அக்கா திரையில் வந்தார். நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதைக் கண்டு செங்குட்டுவன் சார், "சத்தம் வருமா?" என்றார். திறந்துவிட்டேன்.

"இன்னாங்க, நேரமாவுது, அசையவே காணோம்," என்றது அக்காவின் குரல். "வேலையா? நேத்து அவ்ளோ நேரம் ஒங்ககிட்ட அழுதுட்டு, கடைசியா ஒண்ணு கேட்டேனே. சரின்னா இந்தப் பக்கம் திரும்புங்கன்னேன், ஒடனே திரும்புனீங்க. ராத்திரி முழுக்க அத நெனச்சிகினே கெடந்தேன். நெசமாத்தான் சரின்னீங்களா?"

செங்குட்டுவன் சார் திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எதுக்கும்மா சரின்னேன்?" என்றார்.

திரையில் அக்கா வலது பக்கம் லேசாகச் சாய்ந்து, காத்துக்கொண்டிருந்தார்.