மஞ்சள் மூடிக்குக் கிடைத்த பால்கனி

திண்டிவனத்தைச் சுற்றி மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவர்களில் தையல்நாயகியின் முகத்தைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவள் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. செஞ்சி ரோட்டில் அவள் புருஷன் குமரேசன் நடத்தும் உரக்கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அறுநூறு சொச்சம் விவசாயிகள். அவள் போனில் ஆரம்பித்த குழு, அட்மினும் அவள் ஒருத்திதான். எழுதிப் போட்டால் எவன் படிக்கிறான் என்று அவள் பேசியே போட்டாள். "வணக்கம்ங்க, உரக்கடை தையல்நாயகி பேசறேன்" என்று தொடங்கி, கேப்பைக்கு எப்போது யூரியா வைப்பது, நெல் இலை சுருண்டால் எதை அடிப்பது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். ஒலக்கூர்ப் பக்கம் வரப்பில் நின்றுகொண்டு சத்தமாக வைத்துக் கேட்பார்கள். ஏதாவது கல்யாணப் பந்தியில் அவள் ரசம் கேட்டால், எதிர் வரிசையில் ஒருவர் நிமிர்ந்து, "உரக்கடை அண்ணிதான?" என்பார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தக் கடைக்குத்தான் கப்பல் கிடைத்தது. ஒரு பயிர் மருந்துக் கம்பெனி, மாவட்டத்தில் நன்றாக விற்றுக்கொடுத்த பதினெட்டு கடைக்காரர்களை ஜோடி ஜோடியாக அழைத்துப் போயிற்று. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு, திரும்பச் சென்னையிலேயே இறங்க வேண்டும்.

"எந்த ஊருக்கும் போவாம எதுக்குங்க அவ்ளோ பெரிய கப்பலு?" என்று கேட்டாள்.

"துண்றதுக்கு," என்றான் குமரேசன்.

அவள் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் ஜோடியாகப் போன இடங்கள் மூன்று: திருப்பதி, மேல்மலையனூர், அப்புறம் அவன் கல்லடைப்புக்கு ஜிப்மர். கப்பலுக்கென்று புதுப்புடவை இரண்டு எடுத்தாள். ஒன்றுக்கு ஃபால்ஸ் தைக்க நேரமில்லாமல் பஸ்ஸிலேயே தைத்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரத்திலிருந்து புறப்பட்ட கம்பெனி பஸ் திண்டிவனத்தில் இவர்களை ஏற்றிக்கொண்டது. விழுப்புரத்தில் கடை வைத்திருக்கும் கண்ணையன் முன் சீட்டில் இருந்தார். அவர் மனைவி ஜெயம் கூடை நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தாள். மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு பெண்களும் சிநேகமாகிவிட்டார்கள். துறைமுகத்தில் கம்பெனி ஆபீசர் சித்தார்த்தன் எல்லோருக்கும் ரூம் கார்டு கொடுத்தான். எல்லோருக்கும் கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத அறை. குமரேசனுக்கு மட்டும் வேறு நிறத்தில் ஒரு கார்டு வந்தது.

"சாருக்கு மட்டும் எட்டாவது மாடி. பால்கனி ரூமு. ஸ்பெஷல் அப்கிரேடு," என்று சித்தார்த்தன் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். கண்ணையன் மட்டும் தட்டவில்லை என்பதைத் தையல்நாயகி பார்த்தாள். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

அறைக்குள் நுழைந்தவள் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். கட்டில் அவர்கள் வீட்டுச் சமையலறை அளவு இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு நாற்காலி போட்ட பால்கனி, அதற்கப்புறம் கடல், வேறொன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"நமக்கு மட்டும் எப்டிங்க குடுத்தாங்க?"

"ஒழைச்சதுக்குக் குடுக்கறாங்க. நீ வாய மூடிக்கினு கடலப் பாரு."

செல்லமாகத்தான் சொன்னான். அவளும் செல்லமாகத்தான் எடுத்துக்கொண்டாள். கரை தெரிகிறவரை டவர் இருந்தது. அதற்குள் பால்கனியைப் படம் எடுத்துத் தம்பி ரஞ்சித்துக்கு அனுப்பினாள். "சூப்பர்க்கா" என்று பதில் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு லேசாகச் சுருக்கென்றது, காரணம் இருந்தது.

ரஞ்சித்துக்கு ஒலக்கூருக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலம். மார்கழியில் மல்லாட்டை போட்டான். பூ எடுக்கும் நேரத்தில் கம்பெனியின் புது மருந்து ஒன்று கடைக்கு வந்திருந்தது. பேர் வாயில் நுழையாததால் ஜனங்கள் அதை மஞ்சள் மூடி என்றார்கள். அடித்தால் பூவெல்லாம் காயாகும் என்று தையல்நாயகி குழுவில் பேசிப் போட்டாள். தம்பிக்கும் அதையே கொடுத்தாள். அடித்து ஐந்தாம் நாள் செடி ஓரம் கருகிப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. அவனுக்கு மட்டுமல்ல, பிரம்மதேசத்தில் நாலு பேருக்கு, வல்லம் பக்கம் ஏழெட்டுப் பேருக்கு.

"அளவு தெரியாம அடிச்சா எந்த மருந்துதான் கருக்காது?" என்றான் குமரேசன். நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. தம்பி கருகிய செடியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்தபோது, கல்லா முன்னால் பத்துப் பேர் நிற்க, அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "டேங்குக்கு இருவது மில்லின்னு கிளிப்புள்ளைக்கு சொல்ற மாதிரி சொன்னனே. நீ மூடி மூடியா ஊத்திக் கலந்திருப்ப. ஒனக்கே புத்தி இல்லன்னா ஊருக்கு நான் என்னாத்த சொல்றது?" அவன், "நான்தான் தப்பா கலந்துட்டன் போலக்கா," என்று செடியை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். அவள் அத்தோடு விட்டாளா? அன்று சாயங்காலமே, அளவு மீறி அடித்தால் கடை பொறுப்பில்லை என்று குழுவில் இன்னொன்று பேசிப் போட்டாள்.

அதற்கப்புறம் ரஞ்சித் மருந்து கலப்பதையே விட்டுவிட்டான். அவன் பெண்டாட்டி இளவரசிதான் அளந்து ஊற்றினாள். பதினைந்து வருஷமாக விவசாயம் பார்க்கிறவன், வரப்பில் தள்ளி நின்று, "நீயே பாத்து ஊத்து, எனக்குக் கணக்கு வராது" என்பானாம். இளவரசி இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். தையல்நாயகிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஜெயம் பால்கனியைப் பார்க்க வந்தாள். குமரேசன் நீச்சல் குளத்தில் கம்பெனிக்காரர்களோடு தொப்பையைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஜெயம் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு பயந்தாங்கொள்ளியா இல்லாம இருந்திருந்தா இந்த ரூமு எங்களுக்கு வந்திருக்கும்க்கா," என்றாள்.

"ஏன், அவரு டார்கெட்டு முடிக்கலியா?"

"டார்கெட்டு எல்லாரும் முடிச்சதுதான். இது மஞ்ச மூடிக்குத்தான குடுத்தாங்க." பல்லில் மாட்டியிருந்த மல்லாட்டைத் தோலை நாக்கால் தள்ளினாள். "தைப்பூசத்துக்கு மொத நாளு கம்பெனி லெட்டர் வந்துச்சே, இந்த லாட்டுல வந்த மருந்து பயிரக் கருக்குது, விக்காதீங்க, திருப்பி அனுப்புங்கன்னு. இவரு அன்னைக்கே எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டாரு. அப்புறமா இந்த சித்தார்த்தன் தனித்தனியா போன் பண்ணான். திருப்பி அனுப்பினா அவனுக்கு மேல எடத்துல பேஜாராம். திருப்பாம வித்து முடிக்கறவங்களுக்குக் கப்பல்ல பால்கனி ரூமுன்னான். உங்க வூட்டுக்காரருக்குத் தைரியம்க்கா. அத்தினியும் வித்துட்டாரு."

"என்னா லெட்டரு?" என்றாள் தையல்நாயகி. ஜெயத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்று எழுந்தாள். "நான் சொன்னதா சொல்லிக்கினு இருக்காதீங்க."

அவள் போன பிறகு தையல்நாயகி போனை எடுத்தாள். நடுக்கடலில் டவர் இல்லை. ஆனால் பழையதெல்லாம் உள்ளே இருந்தது. குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். தைப்பூசம் முடிந்து நாலாவது நாள். விரலை வைத்ததும் அவளுடைய குரலே பேசியது. "வணக்கம்ங்க, உரக்கடை தையல்நாயகி பேசறேன். மஞ்ச மூடி மருந்து கொஞ்சம்தான் இருக்குது, ஜல்தியா வந்து வாங்கிக்கோங்க. நல்ல மருந்து. என் கூடப்பொறந்த தம்பி நெலத்துக்கே இதத்தான் குடுத்திருக்கேன்."

தம்பியைப் பற்றிய அந்தக் கடைசி வரி அவளுடையது இல்லை. பேசி முடிக்கும்போது குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தம்பிக்குக் குடுத்தத சொல்லு, ஜனம் நம்பும்," என்று சொல்லிக்கொடுத்தது. லெட்டரை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவள் அந்தக் குரலை நாலு தடவை கேட்டாள். எவ்வளவு நல்ல குரல், எவ்வளவு வாஞ்சை.

குமரேசன் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தபோது நேராகவே கேட்டாள்.

"தைப்பூசத்துக்கு மொத நாளு லெட்டர் வந்துச்சா?"

யார் சொன்னது என்று கேட்கத்தான் அவனுக்கு முதலில் தோன்றியது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்ட ஆரம்பித்தான். "கம்பெனி லெட்டரு ஆயிரம் வரும். எல்லா வயலுமா கருகிச்சு? பத்துக்கு ரெண்டு. உன் தம்பிக்குத்தான் அப்புறமா ரெண்டு மூட்டை டிஏபி உரம் சும்மா குடுத்தனே."

"அதுக்கு நான் ஒங்கள நெனச்சு சாமிக்கு வெளக்கு போட்டேன்."

"சரி வுடு. வந்த எடத்துல எதுக்கு இதெல்லாம்."

"கடையில வச்சு அவன அந்தத் திட்டு திட்டினனே. பத்து பேருக்கு முன்னால. நீங்க பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தீங்க?"

குமரேசன் துண்டை மடித்துக் கட்டில் ஓரத்தில் போட்டான். "நீ நல்லா பேசிக்கினு இருந்த. நடுவுல என்னாத்துக்கு நான் பூந்து கெடுக்கணும்?" என்றான்.

மனசறிந்து சொன்ன பொய்யாக இருந்திருந்தால் கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் உண்மையைத்தான் சொன்னான். அவள் தம்பியைத் திட்டத் திட்ட அவனுக்கு வேலை மிச்சமாகியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்த மனுஷனுக்குச் சட்டைக்குப் பித்தான் தைத்ததை எல்லாம் நினைத்து அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழக்கூடாது என்றுதான் பார்த்தாள், முடியவில்லை. அவன் டிவி போட்டுக்கொண்டான். மதியம் விருந்தில் சித்தார்த்தன் மேடைக்குக் கூப்பிட்டு ஜோடியாகக் கேடயம் கொடுத்தபோது அவள் போகவில்லை. தலைவலி என்று குமரேசன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை, கரை வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, குமரேசன் குளிக்கப் போனான். தையல்நாயகி பால்கனிக்கு வந்து கதவைச் சாத்தினாள். போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம்ங்க, உரக்கடை தையல்நாயகி பேசறேன். மாசியில நீங்க அடிச்ச மஞ்ச மூடி மருந்து கெட்ட மருந்து. பயிரக் கருக்குதுன்னு கம்பெனியே முன்னாடி லெட்டர் போட்டிருக்குது. எங்க கடையில அத மறைச்சு வித்திருக்காங்க. வித்தது என் வாயி. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்புவீங்களோ என்னமோ. அளவு தப்பா அடிச்சீங்கன்னு நான் சொன்னது பொய்யி. யாரும் தப்பா அடிக்கல. பாட்டில வச்சிருக்கறவங்க தூக்கிப் போடாதீங்க. வேளாண்மை ஆபீசுல எழுதிக் குடுங்க. கூட வந்து நானும் சொல்றேன். எங்க கையெழுத்து போட சொன்னாலும் போடறேன்."

அனுப்பினாள். போகவில்லை. செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் நின்றது. டவர் வந்தால்தான் போகும். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் ஒன்றிரண்டு புகை மூட்டத்துக்குள் தெரிந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு குமரேசன் வந்தான். குளியலறை பால்கனியை ஒட்டித்தான், சுவர் மெல்லிசு, பேசியது கேட்டிருக்கிறது. இடுப்பில் துண்டு, முதுகில் சோப்பு நுரை.

"அழிச்சிடு," என்றான். அதட்டவில்லை. "தையலு, இன்னும் போவல பாரு. அழிச்சிடு. லைசென்ஸ் போயிடும். கடைய இஸ்து மூடிட்டுத் தெருவுல நிக்கணும். அவனுக்கு வேணா ரெண்டு ஏக்கருக்கும் நான் காசா குடுத்துடறேன்."

"எத்தினி பேருக்குக் குடுப்பீங்க?"

"ஊருக்கெல்லாம் எதுக்கு? உன் தம்பிக்குன்னுதான சொல்றேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பயந்திருந்தான், பாவமாகவும் இருந்தது. அவளுக்கும் பயம்தான். அந்தக் கடையில் வரும் அரிசியைத்தான் அவளும் தின்கிறாள். மகளுக்குக் கடைசி வருஷக் கல்லூரி. விரலை வைத்தால் ஒரு நொடியில் அழிந்துவிடும், அப்புறம் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, ரஞ்சித் வரப்பில் தள்ளி நின்றுகொண்டே இருப்பான். அவள் போனைக் கவிழ்த்து, மடியில் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"தையலு," என்றான் மறுபடியும். கை நீட்டினான். பிடுங்க வரவில்லை, சும்மா நீட்டினான்.

கப்பல் மெல்லத் திரும்பியது. கிரேன்கள் பெரிதாகின. மடிக்குள் போன் ஒரு தடவை அதிர்ந்தது, பிறகு விடாமல் அதிர்ந்தது. இரண்டு நாளாகத் தேங்கியிருந்த செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் திருப்பிப் பார்த்தாள். கடிகாரம் போய் டிக் விழுந்திருந்தது.

கரை நெருங்குவதற்குள் பதில்கள் வந்தன. கண்ணையன் ஒரு கும்பிடு போட்டிருந்தார், அவர் எப்போது லிங்க் வழியாகக் குழுவில் சேர்ந்தார் என்றே அவளுக்குத் தெரியாது. பிரம்மதேசத்துக்காரர் ஒருவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்திருந்தார். அதற்குக் கீழே ரஞ்சித்திடமிருந்து ஒரு குரல் செய்தி. அவன் குழுவில் பேசுகிறவனே இல்லை. அவள் அழுத்தினாள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம், யாரோ மாட்டை விரட்டும் சத்தம்.

"அக்கா," என்றான். "அப்போ நான் கலந்த அளவு சரிதானாக்கா?"

குமரேசன் அதையும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்டான்.