மேட்டுப் பாதையில் பொம்பிளை பார்த்தது

வீட்டுக்கு வந்து, பலகாரம் தின்று, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, அடுத்த கிழமை சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். அதனால் இப்போதெல்லாம் பலர் பூங்காவிலே தற்செயலாகச் சந்தித்தது போல் சந்தித்துப் பெண் பார்க்கிறார்கள். சிவமலர் மாமி அதற்கும் ஒரு படி மேலே போனார். மகன் கிருசாந்தனுக்குப் பெண் கேட்ட அவர், லண்டனை அடுத்த சறே எல்லையிலுள்ள பெரிய பூங்காவில் சனி ஞாயிறு இரண்டு நாளும் கூடாரம் அடித்துத் தங்குவோம், இரண்டு வீட்டாரும் சேர்ந்து நடப்போம், சேர்ந்து சமைப்போம் என்று தரகர் தில்லையம்பலத்திடம் சொல்லியனுப்பினார். வெட்டவெளியில் இரண்டு நாள் இருந்தால் ஒருவருடைய குணம் முழுக்க வெளியே வந்துவிடுமாம்.

அதைக் கேட்டதும் பெண்ணின் அக்கா பிறேமினி நாட்காட்டியைப் பார்த்தாள். அவளுடைய தங்கை அஜந்தாவுக்குச் சிறு வயதிலிருந்தே முட்டு வருத்தம், ஆஸ்துமா. அதுவும் யூன் மாதம், புல் பூத்துக் காற்றெல்லாம் தூளாகப் பறக்கிற காலம். டூட்டிங் கடையில் கல்லாவில் நிற்கும்போதே சில நாள் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் இந்த வருத்தத்தைச் சொன்ன பிறகுதான் நின்றுபோயின.

நோர்பரியில் பிறேமினியின் வீடு சின்னது. அஜந்தாவும் பிறேமினியின் மகள் லக்‌ஷிகாவும் ஒரே அறை, ஒரே கட்டில். சித்தி எப்போது போவா என்று லக்‌ஷிகா வெளிப்படையாகவே கேட்கத் தொடங்கிவிட்டாள். பிறேமினியின் கணவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது. இந்தச் சம்பந்தமும் தவறினால் தங்கை தன்னோடேயே இருந்து நரைத்துப் போவாள். தங்கையின் நன்மைக்காகத்தான் பயப்படுகிறேன் என்று பிறேமினி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தில்லையம்பலத்திடம் போனில் யோசனை கேட்டாள். அவர் அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

“கேட்டால் சொல்லுங்கோ தங்கச்சி. கேக்காட்டி ஏன் சொல்லுவான்?”

அப்படியே ஆயிற்று. சனிக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில் அஜந்தா முட்டுக்கு மருந்து உறிஞ்சுகிற தன்னுடைய நீலப் பம்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபோது, அது புடைத்துத் தெரிகிறது என்று சொல்லிப் பிறேமினி வாங்கித் தன் இடுப்புப் பையில் போட்டு சிப்பை இழுத்தாள். ஏலாமல் வந்தால் அக்கா என்று மட்டும் கூப்பிடு, ஒதுக்கமாய்க் கூட்டிக்கொண்டு போய்த் தாறன் என்றாள். அஜந்தா தலையாட்டினாள். அக்கா சொன்னதற்கு அவள் மறுத்துப் பேசிய நாளே கிடையாது.

மாமி கையில் நடைத்தடி இரண்டு, முதுகில் பை, காலில் சேறு காய்ந்த சப்பாத்து. அறுபத்தைந்து தாண்டியும் நடைக் கழகத்தில் பேர் எடுத்தவர். கிருசாந்தன் அதிகம் பேசவில்லை. கூடாரங்களை அடித்து முடித்ததும் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி முன்னே போய்விட்டான். அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று ஆற்றோரமாகச் சமதரையில் போவது. மற்றது சுண்ணாம்பு மேட்டின் மேல் மரப்படிகளாக ஏறுவது. பிறேமினி ஆற்றுப் பக்கம் திரும்பினாள். மாமி நடைத்தடியால் மேட்டைக் காட்டி, மேலே நின்று பார்த்தால் லண்டன் முழுக்கத் தெரியும் என்றார்.

முதல் திருப்பம் வரைக்கும் அஜந்தா நன்றாகத்தான் ஏறினாள். அதற்கு மேலே இரு பக்கமும் புல் இடுப்பளவு நின்றது. மாமி அவளைத் தனக்குப் பக்கத்தில் நடக்க விட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்ன சமைப்பீர், விரதம் பிடிப்பீரோ, கார் ஓடத் தெரியுமோ. அஜந்தாவின் பதில் முதலில் ஒரு வசனமாக வந்தது, பிறகு ஒரு சொல்லாக வந்தது, பிறகு சிரிப்பாக மட்டும் வந்தது. பின்னால் வந்த பிறேமினிக்கு அந்த மூச்சின் சத்தம் கேட்டது. மரக்கதவின் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு கீச்சு.

“அக்கா,” என்றாள் அஜந்தா.

மாமி நின்று திரும்பிப் பார்த்தார். பிறேமினியின் கை இடுப்புப் பைக்குப் போனது. சிப்பைத் திறந்தும்விட்டாள். விரலில் பம்பின் பிளாஸ்ரிக் தட்டுப்பட்டது. மாமியின் கண் தன் கையிலேயே இருப்பதைக் கண்டதும், அப்படியே கையை மேலே எடுத்துத் தோள் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை உருவி நீட்டினாள்.

“தண்ணி விடாய்க்குது போல இவவுக்கு.”

அஜந்தா போத்தலைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஏறினாள். இரண்டாம் முறை அவள் கூப்பிடவில்லை. தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின, கழுத்துக் குழி உள்ளே இழுபட்டது, கைப்பிடிக் கட்டையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான் என்று பிறேமினி மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டு வந்தாள். படிகள் முடிகிற பாடாயில்லை.

ஒருவழியாய் உச்சி வந்தது, அங்கே ஆட்கள் இருந்து ஆற மர வாங்கு ஒன்று கிடந்தது. அஜந்தா அதில் விழாத குறையாக இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்துகொண்டாள். உதடு நாவற்பழம் தின்றது போல் கறுத்திருந்தது. தூரத்தில் லண்டன் கோபுரங்கள் புகைக்குள் நின்றன. அவற்றை ஒருவரும் பார்க்கவில்லை. கிருசாந்தன் மறுபக்கச் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தான்.

மாமி பிறேமினியை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

“பிள்ளைக்கு முட்டு, என்ன?”

பிறேமினி இடுப்புப் பையின் சிப்பை இழுத்து மூடினாள். தூசு, புல்லு, இந்த மாதம் மட்டுந்தான் என்று என்னவோ சொன்னாள்.

“மூண்டு பிள்ளையள் வளத்தனான், எனக்கு அந்தச் சத்தம் தெரியாதோ? கீழ ரெண்டாம் திருப்பத்திலயே விளங்கீட்டுது.”

“பிறகேன் மாமி ஏத்தினனீங்கள்?”

“நில்லுங்கோ எண்டு சொல்லுவாவோ, கொஞ்சம் இருப்பம் எண்டு கேப்பாவோ எண்டு பாத்தன். வாயே திறக்கேல்லை.” மாமியின் முகத்தில் சந்தைக்குப் போய் நல்ல மீன் வாங்கியவரின் திருப்தி இருந்தது. “எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் வந்தவ எல்லாத்துக்கும் வாய் திறந்தவ.”

“முதல் வந்தவ எண்டால்?”

“தில்லையம்பலத்தார் சொல்லேல்லையோ? நீங்கள் கேட்டிருக்க மாட்டியள்.” மாமி நடைத்தடியின் நுனியில் அப்பியிருந்த மண்ணைப் புல்லில் துடைத்தார். “கிருசாந்தன்ர முதல் மனிசி. பிள்ளை ஒண்டும் இல்லை, கோட்டில எழுத்தும் முறிஞ்சிட்டுது. அவன் கோவத்தில அவவை உள்ள விட்டு அறையைப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போட்டான். அதுக்கு அவ பொலிசைக் கூப்பிட்டவ. குடும்பமெண்டால் கோவம் வராதே? ஆனா இந்தப் பிள்ளை கூப்பிடாது.”

பிறேமினி வாங்கைத் திரும்பிப் பார்த்தாள். அஜந்தா தலை நிமிராமல் ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், தொழுகிறவள் மாதிரி இருந்தது.

“நீங்கள் ஓம் எண்டால் ஆவணியில வைக்கலாம்,” என்றார் மாமி. “இல்லை எண்டாலும் குறை நினைக்க மாட்டன். சொல்லுங்கோ.”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவும் இருந்தது. அந்த நொடியில் பிறேமினிக்குத் தெரிந்தது ஆவணி என்ற ஒரு சொல் மட்டுந்தான். ஆவணி என்றால் லக்‌ஷிகாவின் பள்ளிக்கூடம் தொடங்க முன்னம்.

“ஓம் மாமி. எங்களுக்குச் சம்மதம்.”

“அப்ப இனி அதைக் குடுங்கோ,” என்று மாமி இடுப்புப் பையைக் காட்டினார். “ஏறி வரேக்க உங்கட கை அதிலதானே இருந்தது.”

பிறேமினி ஓடிப்போய்ப் பம்பைக் கொடுத்தாள். அஜந்தா இரண்டு கையாலும் பிடித்து இரண்டு முறை உறிஞ்சினாள், கண்ணை மூடினாள், மறுபடியும் உறிஞ்சினாள். முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. தங்கையின் முதுகைத் தடவிவிட்டபடி பிறேமினி பக்கத்தில் இருந்தாள். சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்னவாம் அக்கா?” என்று கேட்கும்போதும் குரல் உடைந்துதான் வந்தது.

“நல்லாப் பிடிச்சிருக்காம். ஆவணியில வைப்பமாம்.”

அஜந்தாவின் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, சரிவில் நிற்கிறவன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு குனிந்தாள்.

“ஆள் எப்பிடியாம்? அமைதியோ?”

“அமைதியான பெடியன்.”

“நான் ஒண்டும் காட்டிக்குடுக்கேல்லைத்தானே?”

“இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது.”

மாமி பாதையில் நின்று நடைத்தடியை உயர்த்திக் காட்டினார். கிருசாந்தன் மறுபக்கத்தில் நிற்கிறானாம், அந்த வழியால் இறங்கி, அடுத்த மேட்டையும் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குப் போகலாமாம். அஜந்தாவுக்கு மூச்சு இன்னும் சீராகவில்லை. ஆனாலும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

“வாங்கோ அக்கா, பாத்துக்கொண்டு நிக்கினம்,” என்று சொல்லிவிட்டு, அக்காவுக்காகக் காத்திராமல் நடந்தாள்.