லின்காய் பள்ளிக்கூடம் நடந்த வருஷம்

ஏப்ரல் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் லின்காய் தீவின் பள்ளிக்கூடம் அபெலினோவின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள்வரை அது குன்றின்மேல், தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அபெலினோவின் மகள் நொல்ஃபா மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை. தேடிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். மொத்தமே எட்டுப் பிள்ளைகள் படிக்கும் மரக்கட்டடம். ஒன்று குறைந்தாலும் அதற்கு இருப்புக் கொள்ளாது. காய்ச்சலோடு படுத்திருந்த நொல்ஃபா ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர் ஜன்னலில் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் நடந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எத்தனை வரிசைச் செடி நசுங்கியது என்றுதான் பேசினார்கள். அந்தத் தீவில் வீட்டையே இடம் மாற்றுவது சகஜம். அடியில் கட்டைகளைக் கொடுத்து, மாடுகளைப் பூட்டி, ஊரே கூடி இழுக்கும். மிங்கா என்று பெயர். கூலி கிடையாது, யாருக்காக இழுக்கிறார்களோ அவர்கள் வீட்டில் வயிறு முட்டச் சாப்பாடு. வகுப்புக்கு வராத பிள்ளையின் வீடுதான் இதற்குப் பொறுப்பு என்று முடிவாயிற்று. எட்டு ஜோடி மாடுகள் பள்ளிக்கூடத்தைக் குன்றில் ஏற்றின. அபெலினோவின் மனைவி ஓர்ஃபெலினா குழி வெட்டி, சுட்ட கற்களின்மேல் சிப்பியும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஐம்பது பேருக்குப் படைத்தாள்.

முந்தின மாதம்தான் தலைநகரம் சாந்தியாகோவிலிருந்து வந்திருந்த ஆசிரியை ரெனாட்டா அங்கேதான் தப்புப் பண்ணினாள். திருத்த நோட்டுகள் இருக்கின்றன என்று சொல்லி, எல்லோருக்கும் அழகாக நன்றி கூறிவிட்டு, கை நனைக்காமல் போய்விட்டாள்.

"நம்ம வீட்டுச் சோறு தலைநகரத்து வாய்க்கு இறங்காது போல" என்றாள் ஓர்ஃபெலினா. அந்த ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் தீவைச் சுற்றிவந்தது.

அந்தத் தென்கோடித் தீவில் ஏப்ரலுக்குப் பின்தான் குளிர்காலம். அது முழுக்கப் பள்ளிக்கூடம் அலைந்தது. பொன்னுக்குவீங்கி கண்ட பையன் வீட்டுக்குப் போனது. பாசி பொறுக்கப் போன அண்ணன் தம்பியைத் தேடிக் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஒவ்வொரு தடவையும் மிங்கா, ஒவ்வொரு தடவையும் விருந்து. ரெனாட்டாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவள் வகுப்பில் தனியாக உட்கார்ந்து அவித்த முட்டை தின்றாள். தான் செய்தது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அந்த எட்டுப் பிள்ளைகள்மேல் அவளுக்கு உயிர். ஆனாலும் வேண்டாத விருந்தாளியாக எத்தனை நாள் இருப்பது? மாற்றல் கேட்டு எழுதினாள். செப்டம்பரில் உத்தரவு வந்தது.

யாரிடமும் சொல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு படகுத்துறையில் நின்றாள். படகுக்காரன் ருபெர்தோ மோட்டாரை முடுக்கும்போது, குன்றிலிருந்து பள்ளிக்கூடம் இறங்கி வந்தது. அடுப்புக் குழாயில் புகை. ஜன்னலெல்லாம் பிள்ளைகளின் தலைகள். "இடது பக்கம், இடது பக்கம்! வேலி இருக்கு!" என்று அதற்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார்கள். அது துறைக்கு வந்து, ஒரு மூலையை அவள் பெட்டிமேல் வைத்து உட்கார்ந்தது.

பின்னாலேயே ஊரும் மாடுகளோடு வந்துவிட்டது. "இன்னைக்கு வராதது யாரு?" என்றான் அபெலினோ.

நொல்ஃபா வருகைப் பதிவேட்டோடு பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "டீச்சர்தான்ப்பா. எட்டரைக்குக் கூப்பிட்டேன், சத்தமே இல்ல."

அபெலினோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அப்போ சாப்பாடு டீச்சர் வீட்டுலதான்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே" என்றாள் ரெனாட்டா.

"தெரியலன்னா கேக்கணும்" என்றாள் ஓர்ஃபெலினா. "உனக்குத்தான் சாப்பிடாம ஓட மட்டும் தெரியுமே."

ஏப்ரலில் தான் செய்தது ரெனாட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நின்ற இடத்திலேயே அழுதாள்.

"அழுகையை வெங்காயம் உரிக்கும்போது வச்சுக்க" என்றாள் ஓர்ஃபெலினா. "அம்பது பேரு பசியோட நிக்கிறாங்க."

ருபெர்தோவும் மோட்டாரை அணைத்துவிட்டுக் கரையேறினான். விருந்து நாளில் யார் படகு ஓட்டுவார்கள்?

ஓர்ஃபெலினா பக்கத்தில் நின்று அதட்டியும் குழி ஆழம் போதவில்லை. சிப்பி பாதி வெந்தது, கறி கருகியது. ஐம்பது பேரும் வாய்க்கு வாய் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றார்கள். ரெனாட்டாவும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து தின்றாள். பிறகு பள்ளிக்கூடத்தை மேலே இழுத்தார்கள்.

திங்கட்கிழமை நொல்ஃபா பெயர்களைக் கூப்பிட்டாள். எட்டும் முடிந்தபின் அவள் பதிவேட்டை மூடவில்லை.

"ரெனாட்டா?"

தரைப்பலகைகள் லேசாகக் கிறீச்சிட்டன. கட்டடம் காத்திருந்தது.

"உள்ளேன்" என்றாள் ரெனாட்டா. பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது.