ஓரம் கரைந்த பேரிக்காய்

ஒலியுல்லாவுக்கு விற்கத் தெரியும். கொடைக்கானல் பஜாரில் அவருக்குக் கடை. தைலம், மிளகு, வீட்டில் செய்த சாக்லேட். எந்த வீட்டில் செய்தது என்று இதுவரை எந்தச் சுற்றுலாப் பயணியும் கேட்டதில்லை. அவரும் வலியப் போய்ச் சொன்னதில்லை. சீசன் முடிந்து, மழை பிடித்து, கடை ஈயோட்டிய மாதத்தில்தான் அந்த வினை வந்தது. 'குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஓவியத்தின் அடிப்படைகள்' என்று போனில் ஒரு பயிற்சி. முடித்தவர்க்கெல்லாம் சான்றிதழ். முடிக்காதவர்க்கும் அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம். அதைச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டிய நாளிலிருந்து அவர் வெறும் வியாபாரி இல்லை, 'ஆர்ட் மென்ட்டார்'.

மாணவி ஒருத்திதான். மகள் ஸைமா, எட்டு வயது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வகுப்பு.

"கோட்டுக்கு உசுரு இருக்கு கண்ணு."

"எங்கத்தா? அசையவே இல்லையே."

"அசையாது. நம்மதான் உணரணும்."

"மீனுல நாலு கோடு கீறிக் குடுத்தாப் போதும், ராத்திரிக் கொழம்புல போடணும்," என்று அடுப்படியிலிருந்து நஜீமா குரல் கொடுத்தாள். மனைவிக்குக் கலை உணர்வு கிடையாது என்பது ஒலியுல்லா நிக்காஹ் ஆன வாரமே கண்டுபிடித்த உண்மை.

கோடு, வடிவம், நிறம் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கின. ஸைமாவின் வட்டம் முதலில் வட்டமாகவே இருந்தது. ஒவ்வொரு படத்தையும் பழனியிலிருந்து துபாய் வரை சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நாற்பது மாஷா அல்லாஹ் வரும்.

'வெளி', அதாவது பொருளைச் சுற்றியிருக்கும் இடம், என்ற பாடத்துக்கு வெள்ளைத் தட்டில் ஒரு பேரிக்காயை வைத்தார். ஸைமா தாளில் மூக்கு உரசக் குனிந்து வரைந்தாள். வந்தது மங்கலான ஒரு பச்சைத் தீற்றல். தட்டு இல்லவே இல்லை.

"ஓரத்தக் காணோமே கண்ணு?"

"ஓரம் தெரியலத்தா. மேகம் எறங்கிருக்குல்ல."

ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கித்தான் இருந்தது. அந்த மாதங்களில் கொடைக்கானலில் மேகம் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அதனால் அங்கே ஒருவர் 'சரியாத் தெரியல' என்றால் ஊரே 'ஆமா' என்றுதான் சொல்லும். ஒலியுல்லாவும் அப்படித்தான் நம்பினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓரங்கள் கரைவது உயர்ந்த உத்தி என்று பயிற்சியில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. 'வெளியும் பொருளும் கைகோர்க்கும் தருணம். எட்டு வயதில்!' என்று எழுதிக் குழுவில் போட்டார்.

அந்தப் பேரிக்காய் சிறுவர் ஓவியப் போட்டிக்கும் போனது. நடுவர், கோடையிலும் சால்வையைக் கழற்றாத ஓவியர். படத்தின் முன் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். ஓவியத்தைப் பார்க்க அவருக்குத் தெரிந்த வழி அது. "இந்தக் குழந்தை பொருளை வரையலை. பொருளோட இன்மையை வரைஞ்சிருக்கா" என்றார். முதல் பரிசு. வாங்கிக்கொண்டு இறங்கும்போது ஸைமா மேடைப் படியைத் தவறவிட்டு விழுந்தாள். குழந்தைதானே என்று சிரித்து அதற்கும் கைதட்டினார்கள்.

"ஏங்க, புள்ள வரவர எல்லாத்துலயும் இடிச்சுக்குது," என்றாள் நஜீமா அன்று. "போர்டுல இருக்கறதத் தப்பா எழுதுறான்னு டீச்சரும் சொல்றாங்க. கண்ணு டாக்டருகிட்டக் காட்டுவமா?"

"சோலியப் பாரு. ஊரே அவ பார்வையப் புகழுது, நீ சோடாபுட்டி மாட்டிவிடப் பாக்குற."

"காலையில முட்டியும் புடிச்சிக்குதாம். நொண்டுது."

"குளிரு. கடையில தைலத்துக்கா பஞ்சம்? தேச்சு விடு."

நஜீமா தேய்த்தாள்.

ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்காக வத்தலக்குண்டுக்குப் போனார்கள். மலையிறங்கிப் பேருந்து நிலையத்தில் கால் வைத்தபோது உச்சி வெயில். வாழைத்தார் வண்டிக்காரர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஸைமா அண்ணாந்து பார்த்தாள். "அத்தா, இங்கயும் மேகம் எறங்கிருச்சே!"

ஒலியுல்லா சிரித்தார். நஜீமா சிரிக்கவில்லை. மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எதுத்தாப்புல செவப்பா ஒண்ணு நிக்குதே, அது என்னம்மா?"

"எங்க?"

அது பேருந்து. மகளின் வலது கண்ணைப் பொத்தினாள் நஜீமா. "இப்ப?"

"ஏன் லைட்ட அணைச்ச?"

கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நஜீமா மதுரை பஸ்ஸில் ஏறினாள். ஒலியுல்லா பின்னால் ஓடினார்.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நிதானமானவர். சோதித்து முடித்து, ஸைமாவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டார். "காலையில முட்டி வீங்குமா?"

"குளிருன்னு நெனச்சமுங்க," என்றாள் நஜீமா.

"குளிர் இல்லம்மா. மூட்டுல இருக்கற அதே நோய்தான் கண்ணுக்குள்ளயும். கண்ணுல வலிக்காது, செவக்காது. உள்ளுக்குள்ளயே தின்னுரும். எப்ப ஆரம்பிச்சது?"

ஒலியுல்லா போனை நீட்டினார். டாக்டரம்மா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். வட்டம் வட்டமாக இருந்தது. பிறகு கோணியது. பிறகு நிறம் வெளுத்தது. கூடவே ஒலியுல்லாவின் வசனங்களும், நாற்பது மாஷா அல்லாஹ்வும்.

"இவ்வளவு வெவரமா எந்தப் பெத்தவங்களும் கொண்டு வந்ததில்ல," என்றார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார். பேரிக்காயில் விரல் நின்றது. "இதுக்கு முன்னாடி வந்திருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்திருக்கலாம். இடது கண்ணு இனி வராது. வலதக் காப்பாத்தப் பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

வெளியே ஸைமா, மருந்து விட்ட கண்களோடு, மடியில் குடத்தை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அத்தா? டாக்டரு என் படமெல்லாம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

ஒலியுல்லா மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் நஜீமா. "நீங்கதான வாத்தியாரு."

பயிற்சியில் கற்ற சொல் ஒன்றுகூட அவர் வாய்க்கு வரவில்லை. "நீ... பாத்தத அப்படியே வரைஞ்சிருக்கன்னாங்க."

ஸைமாவுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. முகம் மலர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு முழம் தள்ளி, யாரும் இல்லாத நாற்காலியின் மேல் விழுந்தது.